தோற்றது தாக்குதலா, தடுப்பா? ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியை எடைபோடும் வழி

கேள்வி சுருக்கமாக இதுதான். ஹட்டன் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு இந்த வருடம் ஒரு டீச்சர் பொறுப்பேற்றிருக்கிறார். வலைப்பந்து விளையாடியவர், கூடைப்பந்து புதிது. கடைசி மெட்சில் 38க்கு 47 என்று தோல்வி. தாக்குதல் போதாது என்கிறார்கள் சிலர். ஆளுக்கு ஆள் மறிக்கும் மேன் டு மேன் தடுப்பை விட்டுவிட்டு, முன்னே இருவர் பின்னே மூவர் என்று ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கும் 2-3 சோனுக்கு மாறச் சொல்கிறார்கள் வேறு சிலர். பிள்ளைகளோ அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை யூடியூபில் பார்த்துவிட்டு தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் த்ரீ பொயின்டர் போடத் துடிக்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

டீச்சர், 38 என்பதை வைத்து உங்கள் தாக்குதலை எடைபோட முடியாது. 47ஐ வைத்துத் தடுப்பையும் எடைபோட முடியாது. அந்தப் புள்ளிகள் எத்தனை வாய்ப்புகளில் வந்தன என்று தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக, எதிரணியின் ஒவ்வொரு தாக்குதலும் எங்கிருந்து தொடங்கியது என்று தெரிய வேண்டும். பாடசாலை அணிகளைப் பல வருடம் பழக்கியதில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம் உண்டு: தடுப்பு ஓட்டை என்று எல்லாரும் கைகாட்டும் இடம் பெரும்பாலும் தாக்குதலில் பிறந்த ஓட்டையாகத்தான் இருக்கும். உங்கள் அணியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள்.

பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து மற்ற அணியின் கைக்குப் போகும்வரை ஒரு வாய்ப்பு. ஷொட் தவறித் திரும்பி வரும் பந்தை, அதாவது ரீபவுண்டை, நாமே பிடித்து மறுபடி போட்டால் அது புதிய வாய்ப்பல்ல, பழையதன் தொடர்ச்சிதான். இப்படி எண்ணினால் ஒரு மெட்சில் இரண்டு அணிக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதான் வரும், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம். ஆக, ஒரு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி எடுத்தோம், எத்தனை கொடுத்தோம் என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. மெட்ச் நடக்கும்போது எண்ணத் தவறினாலும் பிறகு கணக்குப் போடலாம். ஷூட் செய்த தடவைகளை எடுத்து, அதில் நாமே பிடித்த தாக்குதல் ரீபவுண்டுகளைக் கழித்து, பந்து இழப்புகளை (ஷூட் செய்யாமலே பந்தை எதிரணிக்கு விட்டவற்றை) கூட்டி, ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களை 0.44ஆல் பெருக்கிச் சேர்த்தால் வாய்ப்புகளின் எண்ணிக்கை வந்துவிடும். பாதி என்று வைக்காமல் 0.44 ஏன் என்றால், கூடை விழுந்தபின் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ தனி வாய்ப்பைச் சாப்பிடுவதில்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்கு 0.475 என்று வைப்பவர்களும் உண்டு. உங்கள் தேவைக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை.

மொத்தப் புள்ளி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. லயோலா மேரிமவுண்ட் அணி 1989–90 பருவத்தில், போல் வெஸ்ட்ஹெட் பயிற்சியில், மெட்சுக்கு சராசரி 122.4 புள்ளி எடுத்தது. முதல்தர கல்லூரி ஆட்டத்தில் அதை இன்னும் யாரும் தாண்டவில்லை. அதே அணி அதே பருவத்தில் மெட்சுக்கு நூறுக்கு மேல் கொடுத்தும் இருக்கிறது. பந்து கைக்கு வந்த சில விநாடியில் ஷூட் செய்வது, தவறினாலும் விழுந்தாலும் எதிரணியை முழுக் கோர்ட்டிலும் நெருக்குவது என்பது அவர்களுடைய ஆட்டமுறை. அதனால் இரண்டு பக்கமும் வாய்ப்புகள் குவிந்தன. மழை நாளில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோ கழிப்பார்களே, அதுபோல வேகத்தைக் கழித்துவிட்டுத்தான் இந்தப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். வட கரோலைனாவின் டீன் ஸ்மித் போன்ற பயிற்சியாளர்கள் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்றுதான் கணக்கு வைத்திருந்தார்கள்.

இனி உங்கள் 38க்கு வருவோம். விவரம் நீங்கள் அனுப்பவில்லை, அதனால் நானே ஒரு கணக்கை அமைத்துக் காட்டுகிறேன். இதில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

52 தடவை ஷூட் செய்தீர்கள், 15 விழுந்தன என்று வைப்போம். அதில் கூடைக்குப் பக்கத்தில் 18 முயற்சி, 10 விழுந்தன. நடுத்தூரத்தில் 20 முயற்சி, 3 விழுந்தன. த்ரீ பொயின்டர் 14 முயற்சி, 2 விழுந்தன. ஃப்ரீ த்ரோ 12க்கு 6. மொத்தம் 38 புள்ளி. பந்து இழப்பு 22, தாக்குதல் ரீபவுண்ட் 10. மேலே சொன்னபடி கணக்குப் போட்டால் ஏறக்குறைய 69 வாய்ப்பு வரும். உங்கள் தாக்குதல் வாய்ப்புக்கு 0.55 புள்ளி, எதிரணி 0.68.

இதைப் பிரிக்க டீன் ஒலிவர் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர ஆய்வாளர் நான்கு கூறுகளைச் சொன்னார்: ஷொட் எவ்வளவு விழுகிறது (த்ரீ பொயின்டருக்கு ஒன்றரை மடங்கு மதிப்புக் கொடுத்து), பந்தை எவ்வளவு இழக்கிறோம், தவறிய ஷொட்டுகளில் எத்தனையை நாமே பிடிக்கிறோம், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு எவ்வளவு போகிறோம். அவர் கொடுத்த எடை ஏறக்குறைய 40, 25, 20, 15. அது தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னது. நம் பாடசாலை மெட்சுகளில் நான் பந்து இழப்பைத்தான் முதலில் பார்ப்பேன். மேலே உள்ள கணக்கில் 69க்கு 22, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. மூன்று தடவை பந்தைக் கொண்டுபோனால் ஒரு தடவை ஷூட் செய்யாமலே திரும்பி வருகிறீர்கள். இந்த நிலையில் எந்த ஸ்கிரீன் (தடுப்பவரை வழிமறித்து நிற்பது), எந்த செட் பிளே (முன்கூட்டி வகுத்த நகர்வு) என்று யோசிப்பது நேர விரயம்.

அடுத்ததாக, பலரும் எழுதிவைக்க மறக்கும் விஷயம்: எதிரணியின் வாய்ப்பு எப்படித் தொடங்கியது? நம் கூடை விழுந்தபின் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எடுத்தா, நம் ஷொட் தவறி அவர்கள் பிடித்த ரீபவுண்டிலா, பந்து வெளியே போய் விசில் அடித்தபின்பா, இல்லை நம் பாஸைத் தட்டிப் பறித்தா? முதலும் மூன்றும் உங்கள் பிள்ளைகளுக்குத் திரும்பி ஓட நேரம் தரும். கடைசியில் சொன்னது தராது. பாஸைப் பறித்தவள் வெறும் கோர்ட்டில் கூடைக்கடிவரை ஓடிப்போய் லேஅப் போடப் போகிறாள், உங்கள் ஐந்து பேரும் அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

47 புள்ளியில் 18 புள்ளி இப்படிப் பறித்த 14 வாய்ப்பில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாய்ப்புக்கு 1.29. மிச்சம் 55 வாய்ப்பில் 29 புள்ளிதான், அதாவது 0.53. உங்கள் பிள்ளைகள் வந்து நின்று தடுத்தபோது எதிரணி உங்கள் தாக்குதலைவிடச் சற்றுக் குறைவாகத்தான் எடுத்திருக்கிறது! இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மேன் டு மேனைத் தூக்கி எறிந்துவிட்டு சோனுக்குப் போனால், சரியாக இருப்பதைக் கெடுத்து, கெட்டதை அப்படியே விட்டது போலாகும். சோன் போட்டாலும் அந்த 14 தடவை சோன் வந்து நிற்க நேரமிருக்காது.

பந்து இழப்பை 22இலிருந்து 16க்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஷொட்டில் முடியும் வாய்ப்பு ஆறு கூடும். இழக்காத வாய்ப்புகளில் நீங்கள் சராசரி 0.81 எடுக்கிறீர்கள், அது ஏறக்குறைய ஐந்து புள்ளி. பறிகொடுத்தது நான்கு குறைந்தால் எதிரணிக்கு இன்னும் மூன்று புள்ளி குறையும். எட்டுப் புள்ளி, ஒரே திருத்தத்தில். தோற்றது ஒன்பதில்.

அதனால்தான் தாக்குதல் ஒரு பக்கம், தடுப்பு ஒரு பக்கம் என்று இரண்டு மார்க் போடும் முறையை நான் ஏற்பதில்லை. ஒரு தாக்குதல் எப்படி முடிகிறது என்பதுதான் அடுத்த தடுப்பு எப்படித் தொடங்கும் என்பதை முடிவுசெய்கிறது. நடுத்தூரத்திலிருந்து அவசரமாகப் போட்ட ஷொட்டும் பாதி பந்து இழப்புதான். நாம் நிலைகொள்ளும் முன்பே போட்டதால் ரீபவுண்டுக்கும் ஆளில்லை, திரும்பி ஓடவும் ஆளில்லை. ஷொட் போன கணத்தில் உங்கள் ஐந்து பேரில் யார் ரீபவுண்டுக்குப் போகிறார்கள், யார் பின்னால் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். பழக்காத அணியில் ஐந்து பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று பேர் உள்ளே, இரண்டு பேர் பின்னே என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். தாக்குதல் ரீபவுண்டில் கொஞ்சம் குறைந்தாலும் நட்டமில்லை.

தாக்குதலை மதிப்பிடும்போது ஷொட் விழுந்ததா என்பதைவிட என்ன ஷொட் என்பதைப் பாருங்கள். ஆளில்லாமல் கூடைக்கடியில் கிடைத்தது விழாமல் போகலாம், அது நல்ல தாக்குதலே. இருவர் கை நீட்டியிருக்க ஒருத்தி சுழன்று போட்டது விழலாம், அதற்குக் கைதட்டினால் அடுத்த மெட்சில் அதையே பத்துத் தடவை பார்ப்பீர்கள். மேலே உள்ள கணக்கில் பக்கத்து ஷொட் ஒன்றுக்கு 1.11 புள்ளி வந்தது, த்ரீ பொயின்டர் ஒன்றுக்கு 0.43, நடுத்தூரத்துக்கு 0.30. பிள்ளைகள் த்ரீ பொயின்டர் போடுவதைப் பற்றித்தான் எல்லாரும் முறையிடுவார்கள், ஆனால் இங்கே மோசமானது நடுத்தூரம். அதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. த்ரீ பொயின்டரை முற்றாகத் தடை செய்யச் சொல்லமாட்டேன். 6.75 மீட்டரிலிருந்து கால் ஊன்றி, ஆளில்லாமல், தூக்கி எறியாமல் ஷூட் செய்யத் தெரிந்த ஒருத்தி இருந்தால் அவள் மட்டும் போடட்டும். மற்றவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே பாஸ் கொடுக்க மட்டும் நிற்கட்டும்.

தடுப்பை மதிப்பிடுவதிலும் இதே நியாயம்தான். எதிரணி ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டால் அது உங்கள் தடுப்பின் திறமையல்ல. தூரத்திலிருந்து அவர்கள் போட்ட மூன்று விழுந்துவிட்டால் அது முழுக்க உங்கள் குற்றமும் அல்ல. அவர்கள் ஷூட் செய்தது எங்கிருந்து, கைக்கு முன்னால் ஆள் இருந்ததா, தவறியபின் ரீபவுண்ட் யாருக்கு, ஃபவுல் கொடுத்தோமா என்ற நான்குதான் உங்கள் கையில் உள்ளவை. ஃபவுலைக் கால்பகுதி வாரியாக எழுதுங்கள். ஒரு கால்பகுதியில் அணியின் நான்கு ஃபவுல் முடிந்தால் ஐந்தாவதிலிருந்து தடுப்பில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் நான்கு நிமிடத்திலேயே நான்கையும் செலவழித்துவிட்டு மிச்சத்தில் கையைக் கட்டிக்கொண்டு விளையாடும் அணிகள் நிறைய. நடுக்கோர்ட்டில் கைபோட்டு வாங்கும் ஃபவுல்தான் இதில் மகா வீண்.

சோனைப் பற்றி. 2-3 சோன் என்றால் அமெரிக்காவின் சிரகியூஸ் பல்கலைக்கழக அணியும் அதன் பயிற்சியாளராக இருந்த ஜிம் போஹைமும் நினைவுக்கு வராமல் இருக்காது. 2003இல் அவர்கள் அந்தச் சோனோடுதான் கான்சாஸை 81–78 என்று வென்று தேசிய சம்பியன் ஆனார்கள். ஆனால் அந்தச் சோனில் நின்றவர்களின் உயரத்தையும் கையின் நீளத்தையும் கவனியுங்கள். ஓரத்தில் நிற்பவள் மூலைக்கும் ஓடவேண்டும், கூடைக்கடிக்கும் திரும்பவேண்டும். நீண்ட கை இல்லாவிட்டால் மூலை திறந்துவிடும். ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் ஒருத்தி பந்தைப் பிடித்தால் ஐந்து பேரும் குழம்புவார்கள். சோனில் ரீபவுண்டுக்கு இன்னார் இன்னாரை மறிக்க வேண்டும் என்ற பொறுப்பும் தெளிவாக இராது. குட்டையான அணியை மறைக்க சோன் போடுகிறேன் என்பவர்கள் இதைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

உங்கள் அணிக்கு, டோனி பெனற் பயிற்சியாளராக இருந்த காலத்து வர்ஜீனியா பல்கலைக்கழக அணியைப் பார்க்கச் சொல்வேன். அவர்களுடையது மேன் டு மேன்தான். பந்து வைத்திருப்பவளை ஒருத்தி நெருக்குவாள், மற்ற நால்வரும் தங்கள் ஆளைவிட்டு ஓரடி ஈரடி உள்ளே சுருங்கி, டிரிபிள் பண்ணி, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு, வருபவளுக்கு வழி இல்லாமல் செய்வார்கள். வெளியே பாஸ் போனால் ஓடிவந்து மறிப்பார்கள். டோனி பெனற் இதை அவருடைய தந்தை டிக் பெனற்றிடமிருந்து எடுத்துக்கொண்டார். மெதுவான ஆட்டம், பார்க்க அலுப்பு, கவர்ச்சி இல்லை என்று பலரும் சொல்வார்கள். 2018 தேசிய சுற்றில் முதல் தரவரிசையில் நின்ற அந்த அணி, பதினாறாம் தரவரிசை யூ.எம்.பி.சி. அணியிடம் 54க்கு 74 என்று தோற்றது. ஆண்கள் சுற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. இந்தத் தடுப்பு இனி உதவாது என்று பேசாதவர் இல்லை. பெனற் அதை மாற்றவில்லை. அடுத்த வருடம் இறுதிப் போட்டியில் டெக்சாஸ் டெக்கை மேலதிக நேரத்தில் 85–77 என்று வென்று சம்பியன். ஒரு மெட்சை வைத்து ஓர் உபாயத்துக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

யூடியூப் பார்க்கும் பிள்ளைகளிடம் விதி வித்தியாசத்தையும் சொல்லி வையுங்கள். அமெரிக்கக் கல்லூரியில் ஷூட் செய்ய 30 விநாடி, நாம் பின்பற்றும் சர்வதேச விதியில் 24. அங்கே ஆண்கள் இருபது நிமிடமாக இரண்டு பாதி விளையாடுகிறார்கள், பெண்கள் நமக்கு மாதிரியே பத்து நிமிடமாக நான்கு. அமெரிக்கத் தொழில்முறை என்.பி.ஏ. ஆட்டத்தில் தடுப்பவர் யாரையும் மறிக்காமல் கூடைக்கடியில் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் குற்றம், நம் விதியில் அது இல்லை. எதிரணி ஒருத்தியை அங்கேயே நட்டு வைக்கலாம். அதனால் என்.பி.ஏ.யில் பார்த்த ஓட்டங்கள் இங்கே ஆளில் போய் முட்டும்.

இப்போது உங்கள் சொந்த பலத்துக்கு வருகிறேன். நீங்கள் வலைப்பந்து ஆடியவர், உங்கள் பிள்ளைகளிலும் பாதிப்பேர் வலைப்பந்திலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். இதைக் குறையாக நினைக்காதீர்கள். டிரிபிள் இல்லாமல், மூன்று விநாடிக்குள் கொடுத்தாக வேண்டிய விளையாட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பந்தைப் பிடிக்கவும், ஒரு காலில் திரும்பவும், வெட்டி ஓடவும் தெரியும். பந்தைக் கொடு, ஓடு, திரும்ப வாங்கு என்ற தாக்குதல் அவர்களுக்கு இரத்தத்தில் இருக்கிறது. 1996இல் அமெரிக்கத் தேசிய கல்லூரிச் சுற்றில், பயிற்சியாளர் பீற் கரிலின் பிரின்ஸ்டன் அணி அப்போதைய சம்பியன் யு.சி.எல்.ஏ.யை 43–41 என்று வீழ்த்தியது அப்படித்தான். வெற்றிக் கூடையும், தன்னை நெருக்கி நின்றவரின் முதுகுப்பக்கம் நழுவி ஓடி, பாஸ் வாங்கிப் போட்ட லேஅப்தான். உயரமும் வேகமும் குறைந்த அணி வேறு எப்படி விளையாடும்?

மழைக்கும் இந்த ஆட்டம் பொருந்தும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே தொடங்கினால் செப்டெம்பர் வரை சிமெந்துக் கோர்ட் காய்ந்த நாள் அபூர்வம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்கு வருடக் கடைசியில் அதே பாடு. ஈரத்தில் டிரிபிள் கையை விட்டு வழுக்கும், திடீரென்று நின்றால் கால் வழுக்கும், தூர ஷொட் விழாது. அதனால் ஈர நாள் மெட்சையும் காய்ந்த நாள் மெட்சையும் ஒரே பக்கத்தில் கூட்டாதீர்கள். சோனுக்கு நான் ஒரு இடம் கொடுப்பேன் என்றால் அது ஈர நாளில்தான். எதிரணிக்குத் தூரத்திலிருந்து விழாது, நம் பிள்ளைகளும் பக்கவாட்டில் சறுக்கி ஓடத் தேவையில்லை. அதற்கென்று ஒரு எளிய 2-3ஐப் பழக்கி வைப்பதில் தவறில்லை.

எழுதிவைக்கும் வேலைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி, மாற்று ஆட்டக்காரர் இருவர். ஒருத்தி நம் தாக்குதலை எழுதட்டும், மற்றவள் எதிரணியுடையதை. ஒரு வாய்ப்புக்கு ஒரு வரி: எப்படித் தொடங்கியது, எப்படி முடிந்தது, ஷொட் என்றால் எந்த இடம், எத்தனை புள்ளி. இரண்டு வாய்ப்பு விட்டுப்போனாலும் பரவாயில்லை. மலைச்சரிவை வெட்டிய மைதானமாக இருந்தால் மேல் பாதையிலோ மண்கட்டின் மேலோ போனைச் சாய்த்து வைத்துவிடுங்கள். கொழும்பில் கலரி கட்டி எடுக்கும் கோணம் நமக்குச் சும்மா கிடைக்கிறது. கோர்ட் ஓரத்திலிருந்து எடுத்த வீடியோவில் பந்துதான் தெரியும். மேலேயிருந்து எடுத்தால் பந்தில்லாத நால்வர் என்ன செய்கிறார்கள் என்பது தெரியும்.

பயிற்சி நேரத்தையும் கணக்கில் எடுங்கள். தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்குப் பிள்ளைகள் ஓடவேண்டும் என்றால் கிழமையில் இரண்டு பின்னேரம் மிஞ்சும். அதில் ஏழு செட் பிளே பழக்க முடியாது. நெருக்குதலுக்கு எதிராகப் பந்தை நடுக்கோர்ட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, 8 விநாடிக்குள், நான்கு பேருக்கு எதிராக ஆறு பேரை நிறுத்தி: இதை ஒரு மாதம் செய்யுங்கள். பிறகு ஷொட் போனதும் இருவர் திரும்பி ஓடுவது.

அதன்பின் நான்கைந்து மெட்சின் கொப்பியை ஒன்றாக வைத்துப் பாருங்கள், முடிந்தால் அதே எதிரணியோடு ஆடிய இரண்டைப் பக்கத்தில் வைத்து. பந்து இழப்பு குறைந்தும் நின்று தடுத்த வாய்ப்புகளில் எதிரணி 0.8க்கு மேல் எடுக்கத் தொடங்கியிருந்தால், அப்போது தடுப்பை மாற்றுவதைப் பேசலாம். அந்தக் கொப்பியின் நகலை அனுப்பினால் எந்த இடத்தில் உடைகிறது என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.